பனியன் கம்பெனி எச்.ஆர். வேலையில் இருந்துகொண்டே கரஸில் என்ன படிக்கலாம்?

கேள்வி: "பி.காம். முடித்துவிட்டு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) அசிஸ்டென்டாக இருக்கிறேன். வேலையை விடாமல் கரஸில் (தொலைநிலைக் கல்வியில்) எம்.பி.ஏ. எச்.ஆர். படிக்கலாமா? அந்தப் பட்டத்துக்கு மதிப்பு இருக்குமா? கம்பெனியில் சொல்லிவிட்டுத்தான் சேர வேண்டுமா?"

தாராளமாகப் படிக்கலாமுங்க. ஆனால் எடுத்தவுடன் எம்.பி.ஏ. வேண்டாம் என்பேன். முதலில் தொழிலாளர் சட்டத்தில் ஒரு டிப்ளமோ, அதற்குப் பிறகு முதுகலை. நான் பெருந்துறைப் பக்கம் ஓர் ஆயத்த ஆடைக் கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் சேர்ந்து, வேலையோடு வேலையாக இந்த வரிசையில்தான் படித்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்து வைத்துப் பாருங்கள். "ஒண்ணரை ஷிப்ட் பார்த்தேனுங்க, டபுள் சம்பளம் போடலையே?" "ஊருக்குப் போறேன், பி.எஃப். எப்ப எடுக்கலாமுங்க?" "பிரசவத்துக்கு ஈ.எஸ்.ஐ.ல எத்தனை வாரம் கொடுப்பாங்க?" ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்கு ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப். (வருங்கால வைப்புநிதி) கணக்கில் வேறு எழுத்து; பணம் வராமல் தவித்துக்கொண்டு நிற்பான். இவை எல்லாவற்றுக்கும் பதில் சட்டத்தில் இருக்கிறது. மிகைநேர வேலைக்கு இருமடங்கு ஊதியம், ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் 26 வாரப் பேறுகால உதவி, தொழிலாளியிடம் 0.75 சதவீதமும் முதலாளியிடம் 3.25 சதவீதமும் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் என்பதெல்லாம் யாரும் புத்தகம் பார்க்காமல் சொல்லத் தெரிய வேண்டியவை. சின்ன கம்பெனிகளில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. வேலையை வெளியே ஒரு கன்சல்டன்ட் பார்த்துவிடுகிறார். உள்ளே இருக்கும் எச்.ஆர். பிள்ளைகளுக்கு ஆள் எடுப்பதும் வருகைப் பதிவு பார்ப்பதும் மட்டுமே பழகிப்போகிறது. பல வருட சர்வீஸ் இருந்தும் ஒரு சம்பளச் சீட்டை முழுதாக விளக்க முடியாமல் நிற்பது அதனால்தான். எம்.பி.ஏ. பாடத்திலும் தொழிலாளர் சட்டம் வரும். ஆனால் நிதி, சந்தை, நிறுவன நடத்தை என்று பல தாள்களுக்கு நடுவே ஓரிரு தாள்களாகத்தான் வரும்.

தொழிலாளர் நல அலுவலர் ஆக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-ஆம் பிரிவுப்படி 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் நல அலுவலர் இருந்தாக வேண்டும் என்று முன்பு இருந்தது. அதன் இடத்தில் வந்த புதிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்திருக்கிறது. நம் பக்கம் அந்த அளவுள்ள கம்பெனிகளுக்கும் மில்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்தப் பதவிக்கு எந்தப் பட்டம், எந்த டிப்ளமோ செல்லும் என்பதை மாநில விதிதான் சொல்கிறது. "எச்.ஆர். பட்டம்தானே" என்று எதையாவது படித்துவிட்டு அங்கே போய் நிற்க முடியாது. நீங்கள் சேர நினைக்கும் படிப்பின் பெயரையும் அது தொலைநிலை என்பதையும் எழுதி, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள். சென்னையிலுள்ள தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் தொழிலாளர் நிர்வாகத்துக்கென்றே படிப்புகள் நடத்துகிறது. அங்கே நேரில் போய்ப் படிக்க வேண்டும் என்பதுதான் நம் ஊர்க்காரர்களுக்குச் சிரமம்.

மதிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஏற்புப் பெற்ற தொலைநிலைப் பட்டம் கல்லூரிக்குப் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம். ஏற்பு என்பது பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கொடுப்பது இல்லை. எந்தப் படிப்பு, எந்தக் கல்வியாண்டு என்று தனித்தனியாகத்தான் கொடுக்கிறார்கள். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் நீங்கள் சேரும் ஆண்டின் பட்டியலைத் திறந்து, உங்கள் படிப்பின் பெயர் எழுத்துப் பிசகாமல் அதில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பஸ் ஸ்டாண்டு எதிரில் போர்டு வைத்திருக்கும் ஸ்டடி சென்டர்காரர் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். எல்.எல்.பி.யும் பி.எச்டி.யும் கரஸில் கிடையவே கிடையாது. யாராவது உண்டு என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். நீங்கள் பி.காம். முடித்துவிட்டதால் கவலையில்லை. இளங்கலை இல்லாமல் நேராக எம்.ஏ. வாங்கிய பட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றமே 2009-இல் சொல்லிவிட்டது. உங்கள் கம்பெனியில் அப்படி யாராவது சேரப் போனால் தடுத்துச் சொல்லுங்கள்.

நேரக் கணக்கைப் பலரும் போட்டுப் பார்ப்பதில்லை. இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. 80 கிரெடிட் உள்ள ஒரு முதுகலைக்கு 2,400 மணி நேரம் ஆகிறது. இரண்டு வருடத்தில் முடிக்க வாரம் 23 மணி நேரம் வேண்டும். சனிக்கிழமை வாரச் சம்பளம் போட்டுக் கூட்டம் கலைந்து வீடு சேரவே ராத்திரி ஆகிவிடும் ஊரில் இது எல்லோருக்கும் கட்டாது. இக்னோவில் இரண்டு வருட முதுகலையை நான்கு வருடம் வரை நீட்டிக்கொள்ளலாம். தயங்காமல் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக டிசம்பர் தேர்வு. அதற்கு முந்தைய இரண்டு மாதம் தீபாவளி போனஸ் கணக்கு, பேச்சுவார்த்தை, ஊருக்குப் போனவர்கள் திரும்பி வராத தவிப்பு என்று போய்விடும். டிசம்பருக்குக் குறைந்த தாள்களும் ஜூனுக்கு அதிகத் தாள்களும் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 15-ஆம் தேதிக்குள் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டி முடித்தால் அடுத்த சில நாள் கொஞ்சம் மூச்சு விடலாம். அசைன்மென்ட் எழுத அந்த நாட்கள்தான் தோது.

படிக்கும் முறையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் கம்பெனி ரெஜிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடத்தைப் படியுங்கள். பணிக்கொடை (கிராஜுவிட்டி) பாடம் வந்தால், வேலையை விட்டுப் போன ஒரு செக்கிங் அக்காவின் கணக்கை எடுத்து, கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருடத்தால் பெருக்கிப் பாருங்கள். போனஸ் என்றால் 8.33 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் நடுவே உங்கள் கம்பெனி எங்கே நிற்கிறது, ஏன் என்று பாருங்கள். கல்லூரிக்குப் போய்ப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. அவர்கள் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் படத்தில்தான் பார்ப்பார்கள்.

இப்போது படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு சிக்கலும் இருக்கிறது. 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களைச் சேர்த்த நான்கு புதிய சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. படிகளெல்லாம் சேர்ந்து மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்காகும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டிப் படியாகக் கொடுத்துவந்த இடங்களில் பி.எஃப்., பணிக்கொடைக் கணக்கு மாறிவிடும். பல்கலைக்கழகம் அனுப்பும் புத்தகம் பழைய சட்டத்தையே சொன்னாலும் தூக்கிப் போட வேண்டாம். முன்பு எழுந்த வழக்குகளும் தீர்ப்புகளும் அதன் மேல்தான் நிற்கின்றன. ஒவ்வொரு பாடத்துக்கும் புதிய பிரிவு எண்ணை ஓரத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

டிப்ளமோ முடிந்ததும் முதுகலைக்கு எம்.பி.ஏ.வா, சமூகப்பணியா (எம்.எஸ்.டபிள்யூ.) என்ற கேள்வி வரும். பெண்கள் விடுதி உள்ள மில்லில் இருந்தால் சமூகப்பணியைத்தான் நான் சொல்வேன். கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லி விடுதியில் வைத்து வேலை வாங்கிய 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நம் பக்கத்து மில்களில் சின்னப் பெண்களுக்கு நடந்தவை வெளிநாடு வரை பேசப்பட்டன. அந்தப் பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசி, சொல்லாததையும் புரிந்துகொள்ளப் பயிற்சி வேண்டும். சமூகப்பணிப் படிப்பில் களப்பணி கட்டாயம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதாது. உற்பத்திப் பக்கம், பெரிய குழுமம் என்று போக நினைத்தால் எம்.பி.ஏ. சரி.

படிப்பில் சேருவதற்கு முன்பே கம்பெனியில் சொல்லிவிடுங்கள். நம் ஊர் முதலாளிகளில் பலர் தாங்களே மிஷினில் உட்கார்ந்து மேலே வந்தவர்கள். படிப்பதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆடிட் வாரத்தில் நீங்கள் இல்லாமல் போய்விடுவீர்களோ என்பதுதான் அவர்கள் பயம். தேர்வு அட்டவணை வந்த அன்றே லீவு லெட்டர் கொடுத்து, அந்த நாட்களில் டைம் ஆபீஸை யார் பார்ப்பார்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். கட்டணத்தைக் கம்பெனி கட்டுவதாக இருந்தால், எத்தனை வருடம் இருக்க வேண்டும், நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். அதற்கு ஈடாக அசல் சான்றிதழைக் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள். பல்கலைக்கழகத்தில் சரிபார்க்க அது உங்கள் கையில் இருக்க வேண்டும்.