ஒஃபேலியா எங்கே ஓடினாள்?

கேள்வி: 'பான்ஸ் லாபிரின்த்' பார்த்தேன். கொடுமை தாங்காத ஒரு சிறுமி கற்பனைக்குள் ஓடி ஒளிகிறாள், அவ்வளவுதானே? இதற்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம்?

பதில்: ஒளியப் போகிறவள் இதமான இடமாகப் பார்த்தல்லவா போவாள்? ஒஃபேலியா சேற்றில் தவழ்கிறாள். கையெல்லாம் பூச்சி ஊர, மரத்தின் அடியில் இருக்கும் ராட்சதத் தேரையின் வயிற்றிலிருந்து சாவியை எடுக்கிறாள். கியெர்மோ தெல் தோரோ 2006இல் எடுத்த இந்தப் படத்தில் அவளுக்கு ஓய்வே கிடையாது.

அந்த இரண்டு மேஜைகளை மறுபடி பாருங்கள். 1944, ஸ்பெயின். உள்நாட்டுப் போர் முடிந்து ஐந்து வருடம். சர்வாதிகாரி ஃபிராங்கோவின் படையைச் சேர்ந்த கேப்டன் விதால், ஒஃபேலியாவின் அம்மாவை மணந்துகொண்டவன், ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு விருந்து வைக்கிறான். மேஜையின் தலைப்பக்கம் அவன், முதுகுக்குப் பின்னால் கணப்பு எரிகிறது. தட்டு நிறைய உணவை வைத்துக்கொண்டு, ஜனங்களுக்கு ரேஷனை எப்படி இறுக்குவது என்று பேசுகிறார்கள். பாதிரியாரும் ஒத்துப்போகிறார்.

அப்புறம் சிறுமி சாக்கட்டியால் சுவரில் கதவு வரைந்து உள்ளே நுழைகிறாள். அங்கேயும் நீள மேஜை, குவிந்த உணவு, பின்னால் நெருப்பு. தலைப்பக்கம் அசையாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு முகத்தில் கண் இல்லை. முன்னால் தட்டில் கிடக்கிறது. ஓரமாகக் குழந்தைகளின் காலணிகள், மலைபோல. கேப்டனின் விருந்தில் ஒஃபேலியா இல்லை. ஆனால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பெரியவர்களைவிடத் தெளிவாகப் பார்த்துவிட்டாள். இதைப் போய் ஓடி ஒளிவது என்கிறீர்களே!

(சிறுமியின் கதைதானே என்று வீட்டுப் பிள்ளைகளையும் உட்காரவைத்துவிடாதீர்கள். கேப்டன் பாட்டிலைக் கையில் எடுக்கும் காட்சி பெரியவர்களுக்கே தாங்காது.)

எனக்கு இது கீழ்ப்படிய மறுப்பதைப் பற்றிய படம். சித்திரவதையில் குற்றுயிராகக் கிடக்கும் கைதியை வலியிலிருந்து விடுவிக்கிறார் மருத்துவர். கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவது உன்னைப் போன்றவர்களால்தான் முடியும் என்று கேப்டன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு நடக்கிறார். முதுகில் குண்டு பாய்கிறது. அதே பாடம் கடைசியில் சிறுமிக்கும் வருகிறது. தான் மட்டும் தப்பித்தால் போதும் என்று அவள் நினைக்கவில்லை. கேப்டனின் அறைக்கே போய், அவன் குடிக்கும் கிளாஸில் மருந்தைக் கலந்து, கைக்குழந்தையான தம்பியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். மாய உலகத்தின் வாசலில், ஒரு சொட்டு ரத்தம் போதும், குழந்தையைக் கொடு என்கிறான் ஃபான், அவளுக்கு இந்தச் சோதனைகளை வைத்த ஆட்டுக்கொம்பு மாயப் பிறவி. கொடுத்தால் அவள் இளவரசி.

தம்பியை இன்னும் இறுக்கிக்கொள்கிறாள். பின்னால் கேப்டன் வந்து நிற்கிறான்.