ஸ்பெயின் டைல்ஸ்: நிறம் கலக்காமல் சுட்ட கதை

கேள்வி: அல்ஹம்ப்ரா அரண்மனைச் சுவரில் இருப்பவை வண்ணம் தீட்டிய டைல்ஸ்தானே சார்?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஒரே நிறத்தில் சுட்ட ஓடுகளை நட்சத்திரம், பட்டை என்று வெட்டி, இடுக்குத் தெரியாமல் பொருத்தியவை. ‘அலிகாதாதோ’ என்பார்கள். கிரனாடாவை ஆண்ட நஸ்ரித் சுல்தான்கள் 14ஆம் நூற்றாண்டில் செய்வித்த வேலை இது. எத்தனை பேர் உட்கார்ந்து வெட்டியிருப்பார்கள் என்று நினைத்தாலே தலை சுற்றும். இடுக்கின்றிப் பொருந்தும் வடிவங்களை வரைந்து புகழ்பெற்ற டச்சு ஓவியர் எஷர் 1922இலும் 1936இலும் இங்கே வந்தது சும்மா இல்லை.

கேள்வி: ஒரே ஓட்டில் பல நிறம் பூசியிருக்கலாமே?

பதில்: அங்கேதான் சிக்கல். ஓட்டின்மேல் பூசும் பளபளப்பான கண்ணாடிப் பூச்சு சூளையில் உருகி ஓடும். பக்கத்து நிறத்தோடு கலந்துவிடும். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதற்கு ‘குவெர்தா செகா’ முறை பரவலானது. மாங்கனீசைக் கொழுப்பில் குழைத்துக் கோடு போட்டால், நீரில் கரைத்த பூச்சு அதைத் தாண்டாது. சுட்டபின் கொழுப்பு எரிந்து, கருங்கோடு மட்டும் மிஞ்சும்.

16ஆம் நூற்றாண்டில் செவில் நகரின் திரியானா குயவர்கள் இதையும் சுலபமாக்கினார்கள். ஈரக் களிமண்ணை அச்சில் அழுத்தினால் மெல்லிய விளிம்புகள் எழும்பும். வயலில் வரப்பு தண்ணீரை மறிப்பதுபோல அவை நிறத்தை மறிக்கும். படம் வரையத் தெரியாதவரும் செய்யலாம்! செவிலில் காசா தே பிலாதோஸ் மாளிகைக்குப் போனால் பக்கவாட்டு வெளிச்சத்தில் சுவரைப் பாருங்கள், விளிம்பு தெரியும்.

கேள்வி: அப்படியானால் தூரிகையால் வரைந்த ஓடு எப்போது வந்தது?

பதில்: பிரான்சிஸ்கோ நிகுலோசோ பிசானோ என்ற இத்தாலியர் செவிலுக்குக் கொண்டுவந்தார். வெள்ளீய ஆக்சைடு கலந்த வெள்ளைப் பூச்சின்மேல் நேராக ஓவியம். 1504இல் அல்காசார் அரண்மனைச் சிற்றாலயத்துக்கு அவர் செய்த பலிபீடம் இன்றும் இருக்கிறது. ஆனால் திரியானாக்காரர்கள் உடனே அவர் வழிக்கு வரவில்லை. அச்சு ஓடு மலிவு, நன்றாக விற்றது, வேறென்ன வேண்டும்? அந்த நூற்றாண்டின் பிற்பாதியில்தான் ஓவிய ஓடு செழித்தது, முக்கியமாகத் தலவேரா தே லா ரெய்னா என்ற ஊரில்.

கேள்வி: செவிலில் ஓடு பதித்த பிளாசா தே எஸ்பான்யா சதுக்கமும் அந்தக் காலத்ததா?

பதில்: இல்லை, 1929 கண்காட்சிக்காகக் கட்டியது. கட்டடக் கலைஞர் அனிபால் கோன்சாலெஸ். பழைய பாணியைத் தெரிந்தே திரும்பக் கொண்டுவந்தார்.

கேள்வி: பார்சிலோனாவின் கட்டடக் கலைஞர் கௌதி டைல்ஸை ஏன் உடைத்தார்?

பதில்: வளைந்த பரப்பில் முழு ஓடு படியாது, உடைத்த சில்லு படியும். அங்குள்ள பார்க் குவெல் பூங்காவின் பெஞ்சு அப்படி ஒட்டியதுதான். அதன் நிறச் சேர்க்கையில் உடன் உழைத்த கட்டடக் கலைஞர் ஜுஜோலுக்குப் பெரும் பங்கு உண்டு. பாராட்டு முழுக்கக் கௌதிக்கே போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.