சிறையிலிருந்து வந்த அமெரிக்க முன்னாள் ராணுவ வீரருக்கு வீடும் வேலையும் கிடைக்குமா?

கிடைக்கும். சிறை சென்றவருக்கு வாடகை உதவியே கிடையாது என்பது பரவலான தவறான எண்ணம். வீடற்ற முன்னாள் வீரர்களுக்கான ஹட்-வாஷ் திட்டத்தில் பழைய வழக்குகள் தடையில்லை. பாலியல் குற்றவாளிப் பட்டியலில் ஆயுள் முழுக்க இருக்க வேண்டியவருக்குத்தான் இடமில்லை. வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை முன்னாள் வீரர் வாடகையாகக் கொடுத்தால், மீதியை வவுச்சர், அதாவது அரசின் வாடகை உதவிச் சீட்டு, பார்த்துக்கொள்ளும். வவுச்சர் இருந்தும் வீட்டுக்காரர் தயங்குவதுதான் நிஜத் தலைவலி, அங்கே வி.ஏ.வின் (முன்னாள் வீரர் நலத்துறையின்) கேஸ் மேனேஜர் கூட நின்று பேசுவார்.

சரி, வேலை? தொழிலாளர் துறையின் எச்.வி.ஆர்.பி. திட்டம் பயிற்சியும் வேலையும் தேடித் தருகிறது.

அப்புறம், பலர் கோட்டைவிடுவது இதை: பெருங்குற்றத்துக்காக 60 நாளுக்கு மேல் சிறையில் இருந்தால் ஊன இழப்பீட்டுத் தொகை குறைக்கப்படும். வெளியே வந்ததும் வி.ஏ.வுக்குத் தகவல் கொடுத்தால்தான் பழைய தொகை திரும்பும். டிடி-214 பணிவிடுப்புச் சான்றின் நகலையும் கையோடு வைத்திருக்கச் சொல்லுங்கள்.