ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போலீஸ் இல்லை, ராணுவம் இல்லை. பிறகு உறுப்பு நாடுகள் அதன் சட்டத்துக்கு ஏன் கட்டுப்படுகின்றன?

ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸில் இருந்து யாரோ வந்து சட்டத்தை அமல்படுத்துகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அன்றாடம் அதைச் செய்வது அந்தந்த நாட்டின் சொந்த நீதிபதிகள். முழு ஏற்பாடும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது என்பேன்.

இது 1963இல் வந்த ஒரு தீர்ப்பில் தொடங்கியது. வான் கென்ட் என் லோஸ் என்ற நெதர்லாந்துப் போக்குவரத்து நிறுவனம் மேற்கு ஜெர்மனியில் இருந்து ஒரு ரசாயனப் பொருளை இறக்குமதி செய்தது. பொருளின் வகைப்பாட்டை மாற்றியதால் 3 சதவீதமாக இருந்த சுங்க வரி 8 சதவீதமாகிவிட்டது. உறுப்பு நாடுகள் தங்களுக்குள் வரியை உயர்த்தக் கூடாது என்கிறது, ஒன்றியத்தின் முன்னோடி அமைப்பை உருவாக்கிய 1957ஆம் ஆண்டு ரோம் ஒப்பந்தம். ஆனால் ஒப்பந்தம் போட்டது அரசுகள். அதைக் காட்டி ஒரு கம்பெனி வழக்குப் போட முடியுமா? முடியாது என்று நெதர்லாந்து, பெல்ஜியம், மேற்கு ஜெர்மனி மூன்றும் வாதிட்டன. அன்றைய உறுப்பினர்களே ஆறு பேர்தான், அதில் பாதி! முடியும் என்றது லக்ஸம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம். அடுத்த ஆண்டே இன்னொன்று. கோஸ்டா என்ற மிலான் வழக்கறிஞர், மின்துறையை நாட்டுடைமையாக்கியதை எதிர்த்து 1,925 லிரா மின் கட்டணத்தைக் கட்ட மறுத்தார். அந்த வழக்கில்தான், உள்நாட்டுச் சட்டமும் ஐரோப்பியச் சட்டமும் மோதினால் ஐரோப்பியச் சட்டமே மேல் என்று தீர்ப்பு வந்தது. இந்த இரண்டு விதிகளும் ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டவை அல்ல, நீதிபதிகள் வருவித்துச் சொன்னவை. துணிச்சல்தான்.

நடைமுறை இப்படி: ஏதோ ஒரு ஊர் நீதிமன்றத்தில் ஐரோப்பியச் சட்டத்தின் பொருள் பற்றிச் சந்தேகம் வந்தால், நீதிபதி வழக்கை நிறுத்திவைத்து லக்ஸம்பர்குக்குக் கேள்வி அனுப்புவார். அங்கே விளக்கம் மட்டும் தருவார்கள். தீர்ப்பை எழுதுவது கேள்வி அனுப்பிய அதே நீதிபதிதான். இனி அரசு மீற வேண்டுமானால் தன் நாட்டு நீதிமன்றத் தீர்ப்பையே மீற வேண்டும். அது எந்த ஆளுங்கட்சிக்கும் லேசான காரியம் இல்லை.

சட்டங்களில் முக்கியமாக இரண்டு வகை. ரெகுலேஷன் எல்லா நாடுகளிலும் நேரடியாகச் செல்லும். 2018இல் அமலுக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான். டைரக்டிவ் என்றால் இலக்கும் கெடுவும் மட்டும் ஒன்றியத்திடமிருந்து வரும், சட்டத்தை அந்தந்த நாட்டின் நாடாளுமன்றமே இயற்றிக்கொள்ள வேண்டும். இயற்றாமல் இழுத்தடித்தால்? திவாலான கம்பெனிகளின் தொழிலாளர்களுக்குச் சம்பளப் பாதுகாப்பு தரும் டைரக்டிவை இத்தாலி கிடப்பில் போட்டது. அப்படிப்பட்ட தவறால் நஷ்டப்பட்டவர்களுக்கு அரசே இழப்பீடு தரவேண்டி வரும் என்று 1991இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்புறம் அபராதம். ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் ஒரு நாட்டின் மேல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். நீதிபதிகளைத் தண்டிக்கும் ஓர் அமைப்பின் செயல்பாட்டை நிறுத்தாததற்காக 2021 அக்டோபரில் போலந்துக்கு நாளொன்றுக்கு 10 லட்சம் யூரோ விதித்தது அந்த நீதிமன்றம். 2023இல் அது பாதியாகக் குறைந்தது. போலந்து கட்டவில்லை, அதற்குச் சேர வேண்டிய நிதியில் இருந்து ஆணையம் பிடித்துக்கொண்டது.

என்னைக் கேட்டால், போலந்து விவகாரத்தில் பணத்தை விடப் பெரிய சங்கதி வேறு. உள்நாட்டு நீதிபதிகளை நம்பி நிற்கும் ஏற்பாட்டில், அந்த நீதிபதிகளையே ஆளுங்கட்சி தன் கைக்குள் கொண்டுவந்தால் மேலே சொன்ன எதுவும் ஒழுங்காக வேலை செய்யாது. அதற்கு இன்றைய ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 7வது பிரிவில், ஒரு நாட்டின் வாக்குரிமையை நிறுத்திவைக்கும் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு முன், கடுமையான மீறல் நடந்திருக்கிறது என்று மற்ற எல்லா நாடுகளும் ஒருமனதாகச் சொல்ல வேண்டும். போலந்து மேலும் ஹங்கேரி மேலும் அந்த நடவடிக்கை தொடங்கியபோது, இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்தன. வாக்குரிமை இழப்பு வரை அது போகவே இல்லை.