குழந்தைச் சட்டையில் கை பழகுவது

அன்புள்ள அக்கா,

பின்னல் பழகி இரண்டு வருடம் ஆகிறது. நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்களும் தெரியும். ஏழு மஃப்ளர் பின்னியிருக்கிறேன். போன வருடம் துணிந்து எனக்கே ஒரு ஸ்வெட்டர் ஆரம்பித்தேன். ஐந்து மாதம் ஆனது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை, உடம்பு தொளதொள. அதைப் பெட்டியில் போட்டபோது ஊசிகளையும் சேர்த்து உள்ளே வைத்துவிட்டேன். இப்போது ஒரு தோழிக்குப் பிரசவத்துக்கு நான்கு மாதம் இருக்கிறது. "குழந்தைச் சட்டை பின்னு, கை தானாகத் திருந்தும்" என்கிறார்கள். சின்னதாக இருந்தால் கஷ்டம் இன்னும் அதிகம்தானே? அதோடு, நான் பழகுவதற்கு ஒரு பச்சைக் குழந்தையின் உடம்புதானா கிடைத்தது என்றும் உறுத்துகிறது.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அந்த உறுத்தல் இருக்கட்டும். உங்கள் கையைத் திருத்தப்போவது அதுதான். அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் கொஞ்சம் கணக்கு.

டபுள் நிட்டிங் என்ற நடுத்தரத் தடிமன் நூலை 4 மி.மீ. ஊசியில் பின்னினால் பொதுவாக 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணி (ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி), 10 செ.மீ. உயரத்துக்கு 28 வரிசை வரும். சுற்றளவு 100 செ.மீ., நீளம் 60 செ.மீ. உள்ள ஒரு ஸ்வெட்டரின் உடல்பகுதிக்கு மட்டும் 220 கண்ணி, 168 வரிசை. பெருக்கினால் 36,960 கண்ணி. மூன்று மாதக் குழந்தையின் சட்டைக்கு 100 கண்ணி, 70 வரிசை இருந்தால் போதும். மொத்தம் 7,000. நீங்கள் உங்களுக்காக ஒன்று பின்னிய உழைப்பில் ஐந்து குழந்தைச் சட்டை பின்னிவிடலாம்.

ஆனால் அந்தச் சின்னச் சட்டையில் எதுவும் விட்டுப்போவதில்லை. கண்ணி ஏற்றுவது, ரிப் (ஓரத்தில் வரும் இழுபடும் பட்டி), அக்குள், கழுத்து, கை, பட்டன் பட்டி என்று பெரிய ஸ்வெட்டரில் உள்ள அத்தனையும் அதில் உண்டு. உங்கள் இரண்டு கைகள் நீளம் மாறியது ஏன் என்று நினைக்கிறீர்கள்? முதல் கையை எப்படிப் பின்னினோம் என்பது இரண்டாவது கைக்கு வரும்போது விரல்களுக்கு மறந்துவிட்டது. இடையில் ஒரு மாதம் போயிருக்கும். குழந்தைச் சட்டையில் ஒரு கையை இன்று முடித்தால் மறுகையை நாளை முடித்துவிடலாம். பிழை ஆறிப்போவதற்கு முன்பே திருத்தும் வாய்ப்பு வந்துவிடும். (ஒரு வழி சொல்கிறேன். இரண்டு கைகளையும் ஒரே ஊசியில் ஏற்றி, இரண்டு உருண்டை நூலால் ஒன்றாகவே பின்னுங்கள். டேப்பால் அளப்பதை நம்பாதீர்கள், வரிசையை எண்ணுங்கள். பின்னல் இழுபடும், எண்ணிக்கை இழுபடாது.)

பிரிப்பதும் ஒரு பாடம்தான். 220 கண்ணி உள்ள வரிசைகளில் இருபதைப் பிரிக்க யாருக்கும் மனம் வராது. "சரி, யார் பார்க்கப்போகிறார்கள்" என்று விட்டுவிடுவோம். சின்னச் சட்டையில் அதே இருபது வரிசை ஒரு மாலை வேலை. தயங்காமல் பிரிக்கிறவர்களுக்குத்தான் கை சீக்கிரம் திருந்துகிறது என்பதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

எதில் தொடங்குவது? குல்லாயில். அதில் உள்ள கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூன்று மாதக் குழந்தையின் தலைச் சுற்று ஏறக்குறைய 40 செ.மீ. பின்னல் விரிந்து கொடுக்கும் என்பதால் 36 செ.மீ. வந்தால் போதும். 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்றால் 80 கண்ணி ஏற்ற வேண்டும். 80 நான்கால் வகுபடும், அதனால் இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று ரிப் போடலாம். எட்டாலும் வகுபடும், அதனால் உச்சிக்கு வரும்போது எட்டு நிட், அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்று என்று சுற்றிக்கொண்டே போனால் ஒரு சுற்றுக்கு எட்டுக் கண்ணி குறையும். அடுத்த சுற்றைச் சும்மா பின்னுங்கள். அதற்கடுத்ததில் ஏழு நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று. இப்படி ஒன்பது முறை குறைத்தால் எட்டுக் கண்ணிதான் மிஞ்சும். கண்ணி குறையக் குறைய, வட்டமாகப் பின்ன உதவும் வட்ட ஊசி மிஞ்சிய கண்ணிகளுக்கு நீளம் அதிகமாகிவிடும், அப்போது இருமுனை ஊசிகளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி எட்டிலும் நூலைக் கோத்து இழுத்தால் உச்சி மூடிக்கொள்ளும். வட்டமாகப் பின்னுவது, ரிப், குறைப்பது, ஊசி மாற்றுவது என நான்கு வேலை ஒரு குல்லாயிலேயே பழகிவிடும். அளவு தப்பிவிட்டாலும் அந்தக் குல்லாயே, அளவு பார்ப்பதற்காகப் பின்னும் உங்கள் மாதிரித் துண்டு ஆகிவிடும். அதை அளந்து பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம்.

அப்புறம் சட்டை. முதல் சட்டை முன்பக்கம் திறந்ததாக இருக்கட்டும். இதை அனுபவத்தில் சொல்கிறேன். நான் முதலில் பின்னியது தலைவழியே போடும் சட்டை. பார்க்க அழகாக இருந்தது. கழுத்தில் கண்ணிகளை இறுக்கி மூடியிருந்தேன். குழந்தையின் உடம்போடு ஒப்பிட்டால் தலை எவ்வளவு பெரியது என்பதை நான் யோசிக்கவே இல்லை. பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலைதான். சட்டை நெற்றியிலேயே நின்றுவிட்டது, குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து கழுத்தை மூடும்போது ஒரு அளவு பெரிய ஊசியை எடுத்துக்கொள்கிறேன்.

கொஞ்சம் தேர்ந்த பிறகு, பின்னல் வடிவமைப்பாளர் எலிசபெத் ஸிம்மர்மன் 1968-ல் வடிவமைத்த குழந்தை ஜாக்கெட்டைப் பின்னிப் பாருங்கள். எல்லா வரிசையும் நிட் மட்டுமே, கார்ட்டர் என்பார்கள். முழுவதையும் ஒரே துண்டாகப் பின்ன வேண்டும். முடிக்கும்போது கையில் இருப்பது என்னவென்றே புரியாது. சரியான இடத்தில் மடித்து, தோள்களில் இரண்டு தையல் போட்டால் ஜாக்கெட் ஆகிவிடும். துணிக்கு உருவம் எங்கிருந்து வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லித்தரும் வடிவம் எனக்குத் தெரியாது.

இப்போது உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். நமக்காகப் பின்னும்போது நாம் வெளிப்பக்கத்தைத்தான் பார்க்கிறோம். குழந்தைக்குத் தெரிவது உள்பக்கம் மட்டுமே. முடிச்சு குத்தும். இரண்டு நிறத்தில் பின்னும்போது பின்னால் ஓடும் நீண்ட நூல்களில் விரல் மாட்டிக்கொள்ளும். காலுறைக்குள் தொங்கும் ஒரு நூல், கால்விரலைச் சுற்றி இறுகி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடலாம். அதனால் முடிச்சே போடாதீர்கள். நூல் முனைகளைக் கண்ணிகளின் ஊடே போகவிட்டு, திசை மாற்றித் திரும்பவும் கோத்துவிடுங்கள். கழுத்தில் ரிப்பனோ கயிறோ வேண்டாம். பட்டனைத் தைத்து முடித்ததும் பலமாக இழுத்துப் பாருங்கள், அசைந்தால் மறுபடி தையுங்கள். மொஹேர் (ஆட்டு ரோமம்), அங்கோரா (முயல் ரோமம்) நூல்கள் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் வேண்டாம். உதிரும் இழைகள் மூக்குக்கும் வாய்க்கும் போகும். குல்லாயைத் தரும்போது, வீட்டுக்குள் தூங்கவைக்கையில் அதைக் கழற்றிவிடும்படி சொல்லுங்கள். குழந்தை தலைவழியாகத்தான் அதிகம் சூட்டை வெளியேற்றும்.

பழகுவதற்கு, மெஷினில் துவைக்கக்கூடிய கம்பளி நூல் நல்லது. அது விரிந்து கொடுக்கும், கை சற்று இறுகித் தளர்ந்தாலும் மன்னிக்கும். பருத்தி நல்ல நூல்தான், ஆனால் மீளாது. ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் அதில் அப்படியே தெரியும். எந்த நூலானாலும் மாதிரித் துண்டைத் துவைத்துக் காயவைத்த பிறகு அளந்து பாருங்கள். குழந்தைத் துணி நாள் தவறாமல் துவைக்கப்படுவது. துவைப்பதற்கு முந்தைய அளவால் பயனில்லை.

தோழியின் குழந்தைக்கு, 'பிறந்த குழந்தை' அளவு வேண்டாம், மூன்று முதல் ஆறு மாத அளவே பின்னுங்கள். பிறந்தபோது இருந்த எடை ஐந்து மாதத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். சட்டை கொஞ்சம் பெரிதாகிவிட்டாலும் குழந்தை வளர்ந்து அதற்குள் வந்துவிடும்.

முதல் குல்லாய் முடிந்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்பி, உங்கள் கழுத்தில் தேய்த்துப் பாருங்கள். எதுவும் உறுத்தவில்லை என்றால் தயங்காமல் கொடுங்கள். எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். அது உள்பக்கத்தின் படமாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா