முதல் மணி அடிக்கும் முன்னே
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நான் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவள். இராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் என்ற ஊரிலிருந்து சற்றுத் தொலைவில் இருக்கும் ஒரு கடற்கரை ஊரின் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஆறாம் வகுப்பு என் பொறுப்புக்கு வருகிறது. “முதல் நாள் சிரித்துவிட்டால் ஆண்டு முழுவதும் நீங்கள்தான் அழ வேண்டியிருக்கும், கடற்கரைப் பிள்ளைகள், இறுக்கிப் பிடியுங்கள்” என்று மூத்த ஆசிரியர்கள் சொல்கிறார்கள். எனக்கோ பிள்ளைகள் என்னைக் கண்டு அஞ்சக் கூடாது என்று தோன்றுகிறது. அந்த நாளை எப்படித் தொடங்குவது?

பதில்: மூத்தவர்கள் சொல்வதை முற்றாகத் தள்ளிவிடாதீர்கள், அம்மா. எப்போது பேசலாம், எப்போது கேட்க வேண்டும் என்பது தெரியாத வகுப்பில் கூச்சமுள்ள பிள்ளைதான் முதலில் நசுங்கும். ஆகவே ஒழுங்கு வேண்டும். ஆனால் ‘கடற்கரைப் பிள்ளைகள்’ என்ற அந்த அடைமொழியை மட்டும் ஆசிரியர் அறையிலேயே வைத்துவிட்டு வகுப்புக்குப் போங்கள். விடியுமுன் கரைக்குப் போய், வலையிலிருந்து மீன் கழித்துக் கொடுத்து, குளித்துச் சீருடை மாட்டிக்கொண்டு முதல் மணிக்கு வந்து நிற்கும் பையனுக்கு ஒழுங்கைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. பிரம்பைப் பற்றிய பேச்சே வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. அதில் இரண்டாவது பகுதியைத்தான் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

பெயரிலிருந்து தொடங்குங்கள். பள்ளி திறப்பதற்கு முந்தைய நாளே வருகைப் பதிவேட்டை வாங்கி, பெயர்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நம்புராஜன், நம்புசெல்வி போன்ற பெயர்கள் உங்களுக்குப் புதிதாக இருக்கும். இராமேசுவரத்து நம்புநாயகி அம்மனை வேண்டி வைப்பவை அவை. ஏர்வாடியில் அடங்கியிருக்கும் மகானின் நினைவாகச் செய்யது இபுராகிம் என்று பெயர் வைத்திருப்பார்கள். அந்தோணிகள் மூவர் இருந்தாலும் வியப்பில்லை. என் வகுப்பில் அப்படி மூவர் இருந்தபோது, பிள்ளைகள் அவர்களில் ஒருவனை நிறத்தைச் சொல்லியும் இன்னொருவனைப் பல்லைச் சொல்லியும் பிரித்து வைத்திருந்தார்கள். நானும் ஒரு வாரம் அந்தப் பெயர்களாலேயே அழைத்தேன் என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். உன்னை எப்படி அழைக்கட்டும் என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டுவிட்டால் போதும், வகுப்பும் அதையே பின்பற்றும்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்றும் என் கணக்கில் இருக்கிறது. பணியில் சேர்ந்த புதிதில், அறிமுகம் என்ற பெயரில், ஒவ்வொருவராக எழுந்து தந்தை என்ன தொழில் செய்கிறார் என்று சொல்லச் சொன்னேன். மூன்றாம் வரிசையில் ஒருவன் எழுந்து நின்றான், வாய் திறக்கவில்லை. நான் இரண்டாம் முறை சற்று உரத்துக் கேட்டபோது, அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன், “அவங்க அப்பா இலங்கை ஜெயில்ல இருக்காரு சார்” என்றான். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, படகும் போய், தந்தை எப்போது திரும்புவார் என்று தெரியாமல் ஒரு வீடே காத்துக்கொண்டிருந்த நேரத்தில், அதை முப்பது பேர் நடுவில் நான் வெளியே இழுத்துப் போட்டேன். அந்த ஆண்டு முழுவதும் அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. கடலுக்குப் போய்த் திரும்பாத தந்தையின் பிள்ளையும் இந்தக் கரையில் எந்த வகுப்பிலும் இருக்கக்கூடும். அந்தக் கேள்வியை முதல் நாளில் கேட்காதீர்கள்.

கேட்காமலே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து, வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொல்லுங்கள்; சேலத்தில் நீங்கள் பள்ளிக்கு நடந்த வழியை முதலில் நீங்கள் பலகையில் வரைந்து காட்டுங்கள். பிள்ளைகளின் தாளில் வலை காயும் மணல், கருவாட்டுக் கொட்டகை, மாதா கோயில், பள்ளிவாசல், பனை, நாய் துரத்தும் திருப்பம் எல்லாம் வந்துவிடும். யார் தொலைவிலிருந்து வருகிறார்கள், யார் தம்பியைக் கைப்பிடித்து அழைத்து வருகிறார்கள், யாருடைய தாய் விடியலில் பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போய்விடுகிறார் என்பதையெல்லாம் அவர்களே, சொல்ல விரும்பும் அளவுக்கு, உங்களிடம் சொல்வார்கள்.

உட்கார வைப்பதிலும் கவனம் வேண்டும். அப்துல் கலாம் இராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், தொப்பி அணிந்த கலாம் கோயில் குருக்களின் மகனான இராமநாத சாஸ்திரியின் அருகில் இருப்பதைப் பொறுக்காமல் கடைசி வரிசைக்கு அனுப்பியதை அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இராமநாதனின் தந்தை இலட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை வரவழைத்துக் கண்டித்தார். ஆசிரியரும் மனம் மாறினார். ஆனால் தாம் பின்வரிசைக்குப் போனபோது நண்பன் அழுத காட்சிதான் கலாமின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. உயரம், கண்பார்வை, காது கேட்கும் திறன் ஆகியவற்றைத் தவிர வேறெதற்காகவும் முதல் நாளில் யாரையும் இடம் மாற்றாதீர்கள்.

ஆறாம் வகுப்புக்கென்றே ஒரு செய்தி உண்டு. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. சென்ற ஏப்ரல் வரை பள்ளியில் பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்ட பிள்ளை, இந்த ஜூனில் அதே பள்ளியில் தம்பி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உங்கள் வகுப்புக்கு வந்து உட்காரும். பதினொரு மணிக்கு அது மேசையில் தலை சாய்த்தால் சோம்பல் என்று எண்ணிவிடாமல், உங்கள் மேசை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் பொட்டலம் வைத்திருங்கள். கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கும், குடிக்கும் தண்ணீர் எது, உப்புத் தண்ணீர் வரும் குழாய் எது என்பவற்றை முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். பெண் பிள்ளைகள் இவற்றைக் கேட்கக் கூச்சப்பட்டு நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவார்கள்.

இன்னொன்று, இங்கே மட்டும் கிடைக்கும் வாய்ப்பு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறந்தால் விசைப்படகுத் தொழிலாளர்களான தந்தையர் பலர் கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருப்பார்கள்; நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லை என்பதால் அவர்கள் போய் வந்துகொண்டிருப்பார்கள். அந்த நாள்களுக்குள் ஒரு மாலை கரைப்பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். குறை சொல்வதற்கு எதுவும் சேர்வதற்கு முன்பே தந்தையைப் பார்த்துவிடுவது, ஆகஸ்டில் புகாரோடு ஆள் அனுப்புவதைவிட மிகவும் எளிது.

கேள்வி: கீழக்கரையில் வசிக்கிறேன். என் கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறேன். அழுவான் என்பது உறுதி. கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி நழுவிவிடலாமா? வீட்டில் வாப்பா, உம்மா என்று பேசுபவனுக்குப் பள்ளியில் அப்பா, அம்மா என்றால் புரியுமா என்ற கவலையும் இருக்கிறது.

பதில்: நழுவாதீர்கள். ஒரு முறை அப்படிச் செய்தால், மறுநாள் வீட்டு வாசலிலேயே உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொள்வான். கடிகாரம் தெரியாத பிள்ளைக்கு, “சோறு சாப்பிட்டு, விளையாடி முடித்து, நீள மணி அடிக்கும்போது உம்மா வாசலில் நிற்பேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி நில்லுங்கள். பேச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். பாடநூலின் சொல் நாளடைவில் தானே வந்து சேரும். ஆனால் முதல் நாளில், ‘உன் வாப்பா பெயர் என்ன’ என்று ஆசிரியர் ஒரு முறை கேட்டால் பிள்ளையின் முகம் மலர்ந்துவிடும். வீட்டில் பேசும் சொற்களை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அதில் கூச்சம் எதற்கு?

கேள்வி: தொண்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியர் நான். புதிய மாணவர்களை மாலை அணிவித்து, மேளம் வைத்து வரவேற்க நினைக்கிறோம். சரிதானே?

பதில்: தாராளமாகச் செய்யுங்கள், மேளச் சத்தத்தில் மிரளும் பிள்ளைகளை மட்டும் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். மாலையும் புகைப்படமும் ஒன்றாம் வகுப்போடு முடிந்துவிடுகின்றன என்பதுதான் என் குறை. மாற்றுச் சான்றிதழோடு எட்டாம் வகுப்பில் தனியாக வந்து சேரும் சிறுமியை, மண்டபம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து இடம் மாறி வரும் பையனை, அலுவலக அறையின் மர பெஞ்சில் மதியம் வரை உட்கார வைத்துவிடுகிறோம். அவர்களுக்கு மேளம் வேண்டியதில்லை. அதே வகுப்பில் படிக்கும் ஒருவரை முன்னதாகவே ஏற்பாடு செய்து வைத்து, கையோடு அழைத்துப் போய் அருகில் உட்கார வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.