சுழலும் சக்கரத்துக்குப் பின்னால் காத்திருக்கும் வில்லிசை

கேள்வி: அகஸ்தீஸ்வரம் வட்டாரத்தில் வில்லிசைக் குழு நடத்தும் குடும்பம் எங்களுடையது. கோயில் கொடைக்கு எங்களை அழைக்க நினைப்பவர்கள் பார்த்தும் கேட்டும் முடிவு செய்யட்டும் என்று ஓர் இணையதளம் அமைத்தேன். முகப்பில் ஆறு புகைப்படங்கள், தானாக ஓடும் ஒரு வீடியோ, பத்து நிமிடப் பாடல்கள் மூன்று உள்ளன. என் போனில் உடனே திறக்கிறது. ஊர்க் கமிட்டிக்காரர்களோ அரை நிமிடம் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கூடுதல் பணம் கட்டிப் பெரிய சர்வருக்கு மாற வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் போனில் உடனே திறப்பதற்குக் காரணம், முன்பே வந்த படங்களை அது தன் கேஷ் நினைவகத்தில் வைத்திருப்பதுதான். குரோமின் மறைநிலைச் சாளரத்தில் திறந்தால் கமிட்டிக்காரர்கள் பார்ப்பதை நீங்களும் பார்ப்பீர்கள்.

முதல் குற்றவாளி அந்தச் சக்கரமே. நீங்கள் எடுத்துக்கொண்ட டெம்ப்ளேட் (ஆயத்த வடிவமைப்பு), பக்கத்திலுள்ள அத்தனை படங்களும் இறங்கி முடியும் வரை எழுத்துகளையும் சேர்த்துத் திரைபோட்டு மறைத்து வைக்கிறது. அந்தத் திரையை நீக்கிவிட்டால், ஒரு படம்கூட வராத நிலையிலும் குழுவின் பெயரும் தொலைபேசி எண்ணும் முதலில் தெரியும். கொடைக்குத் தேதி கேட்க வருபவருக்கு வேண்டியதும் அதுதான்.

அடுத்தது புகைப்படங்கள். கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய படம் ஒவ்வொன்றும் சுமார் 5 எம்பி என்று வைத்துக்கொண்டால் ஆறுக்கும் 30 எம்பி ஆகிறது; நொடிக்கு 8 மெகாபிட், அதாவது 1 எம்பி, கிடைக்கும் இணைப்பில் அவை மட்டுமே இறங்க 30 நொடி பிடிக்கும், பேச்சிப்பாறைப் பக்கம் மலையடிவாரத்தில் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கினால் இன்னும் கூடும். இதில் வீண் எவ்வளவு என்று பாருங்கள்: 4000க்கு 3000 பிக்சல் கொண்ட படத்தை, அகலவாக்கில் ஏறத்தாழ 1080 பிக்சல் உள்ள போன் திரையில் காட்டுகிறோம். கோப்பை எவ்வளவு சுருக்கியிருந்தாலும், விரித்துக் காட்டும்போது பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி நினைவகத்தை அது பிடித்துக்கொள்வதால், விலை குறைந்த போன்கள் திணறுகின்றன. அகலத்தை 1080 ஆகக் குறைத்து வெப்பி (WebP) என்ற இணையத்துக்கான சுருக்கப் பட வடிவில் சேமித்தால் ஒரு படம் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கிவிடும். முதல் படத்தை உடனே வரவிட்டு, கீழே உள்ளவற்றுக்கு மட்டும் லேசி லோடிங் கொடுங்கள்; பார்ப்பவர் அந்த இடத்தை நெருங்கும்போதுதான் அவை இறங்கும். முதல் படத்துக்கும் அதைக் கொடுத்துவிட்டு வேகம் கூடவில்லையே என்று கேட்பவர்கள் பலர். ஒவ்வொரு படத்துக்கும் அகல உயரத்தைக் குறித்துவைத்தால், படம் வந்து விழும்போது எழுத்துகள் கீழே தள்ளப்படாது.

வீடியோ தானாக ஓட வேண்டியதில்லை. ஒரு நிலைப்படத்தைப் போஸ்டராக வைத்து, தொட்டால் மட்டும் இறங்கும்படி, முன்கூட்டியே இறக்கும் ப்ரீலோட் அமைப்பை நிறுத்திவிடுங்கள். எம்பி4 வீடியோக் கோப்பில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணைப் பகுதி கடைசியில் இருந்தால், அது கைக்கு வரும் வரை பிரவுசரால் ஓட்டத் தொடங்க முடியாது. ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ‘வெப் ஆப்டிமைஸ்டு’ என்பதை டிக் செய்து மறுபடி சேமித்தால் அப்பகுதி முன்னுக்கு வந்துவிடும்.

பாடல்களில்தான் எனக்குச் சற்றுத் தயக்கம். 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) தரத்தில் பத்து நிமிடம் 24 எம்பி ஆகிறது. பேச்சுக்கு 64 போதும் என்பார்கள். ஆனால் உடுக்கையின் நாடாவை அழுத்தித் தளர்த்தும்போது எழும் குழைவும் வில்மணிகளின் சிலம்பலும் அதில் மங்கிவிடும் என்பதால் 96க்குக் கீழே போக நான் சொல்ல மாட்டேன். தரத்தைவிட நீளத்தைக் குறையுங்கள். காப்புப் பாடலிலிருந்து ஒன்றரை நிமிடம் வெட்டி வைத்தால் ஏறத்தாழ 1 எம்பிதான்; தலைமைப் பாடகரான அண்ணாவியின் குரலை எடைபோட அது தாராளம். பொத்தானைத் தொட்டவுடன் அதன் நிறமாவது மாற வேண்டும். 0.1 நொடிக்குள் பதில் கிடைத்தால்தான் உடனடி என்று தோன்றும் என்பது பயன்பாட்டு எளிமை வல்லுநர் யாக்கோப் நீல்சன் 1993இல் தம் நூலில் எடுத்துச் சொன்ன வரம்பு. பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடத் தாமதித்தால் கதை தொய்வதை நீங்கள் அறியாததல்ல.

இவற்றை முடித்தபின், தளத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். முகப்பின் மிகப்பெரிய படமோ எழுத்துப் பகுதியோ 2.5 நொடிக்குள் தெரிவதை கூகுள் நல்ல நிலையாகக் கொள்கிறது. அதே அறிக்கையில் சர்வரின் முதல் பதில் வர 0.8 நொடிக்கு மேல் ஆகிறது என்று தொடர்ந்து காட்டினால், அப்போது சர்வரை மாற்றலாம். அப்போதும் பெரியதைத் தேடாமல், மும்பை போன்ற இந்திய நகரத்தில் இயங்குவதைக் கேட்டு வாங்குங்கள்.